சுமந்து பறந்தவர்கள்

நுழையும்முன்

வீரம் என்றவுடன் வேலேந்தி முன்நின்றவரையே நினைப்பது உலக வழக்கு. அவ்வீரருக்குச் சோறும் நீரும் கொண்டு சென்றவரை நினைப்போர் சிலரே. பனிமலை முகட்டில் காவல் நிற்பவருக்கு அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் எவ்வாறு சென்று சேர்கின்றன? காயமுற்றோர் எவ்வாறு திரும்பி வருகின்றனர்? கொங்கு மண்டலத்தில் நிலைகொண்டுள்ள ஒரு போக்குவரத்து வானூர்திப் பிரிவின் வரலாற்றையும், அத்தகைய வானூர்திகளோடு பணியாற்றியோர் நெஞ்சில் நிற்கும் செய்திகளையும் இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

தறியோசையும் வானோசையும்

திருப்பூரிலிருந்து பல்லடம் சென்று, அங்கிருந்து கோயம்புத்தூர்ச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் வழிநெடுகிலும் விசைத்தறிக் கூடங்களைக் காண்பர். தறிகள் ஓடும் ஓசை சாலைவரை கேட்கும். காரணம்பேட்டையைக் கடந்து சூலூரை நெருங்கும்போது அவ்வோசையோடு மற்றோர் ஓசையும் சேர்ந்துகொள்ளும். அது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் ஓசை. அப்பகுதியில் பிறந்து வளர்ந்த சிறுவர்கள் தலையை நிமிர்த்தாமலே வானில் செல்வது இன்னதென்று சொல்லிவிடுவார்கள். இடிபோல் அதிர்ந்து நொடியில் மறைவது தேஜஸ் போர் வானூர்தி. காற்றை வெட்டிக்கொண்டு செல்வது உலங்கூர்தி. கனத்த குரலில் சீராக முழங்கிக்கொண்டு, அவசரமின்றித் தறிக்கூடங்களின் மேல் ஊர்ந்து செல்வது ஏ.என்-32 என்னும் போக்குவரத்து வானூர்தி.

முதலிரண்டையும் காண மக்கள் கூடுவர். மூன்றாவதைக் காண எவரும் கூடுவதில்லை. அதன் பணி சுமப்பது. சரக்குந்தைக் காண யார் சாலையோரம் நிற்பார்கள்?

தளம் வளர்ந்த கதை

சூலூர்த் தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தோன்றியது. கீழைக் கடல்களில் இயங்கிய பிரித்தானியக் கடற்படையின் வானூர்திகளுக்குக் கரையிலும் ஓரிடம் தேவைப்பட்டது. எதிரியின் தாக்குதலுக்கு எளிதில் எட்டாத உள்நாட்டுப் பகுதி, மிதமான வானிலை, அருகே தொழில்நகரம் ஆகிய வாய்ப்புகள் ஒருங்கே அமைந்த இடமாகச் சூலூர் இருந்தது. விடுதலைக்குப் பின்னும் கடற்படைக்கும் இத்தளத்திற்கும் இருந்த தொடர்பு அறுபடவில்லை. இன்று கோவாவின் டபோலிமில் இயங்கும் ஐ.என்.எஸ். ஹன்சா என்னும் கடற்படை வானூர்தித் தளம் 1961ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கப்பெற்றது சூலூரில்தான். அவ்வாண்டின் இறுதியில் கோவா இந்தியாவுடன் இணைந்த பின்னரே அது மேற்குக் கரைக்கு இடம்பெயர்ந்தது.

வானூர்திகளைப் பழுதுநீக்கும் பெரும் பணிமனையும் இங்குள்ளது. ஆகவே, பறப்போரைக் காட்டிலும் பழுதுநீக்குவோர் மிகுதியாக வாழ்ந்த ஊர் இது. 1980களில் 33ஆம் ஸ்குவாட்ரன் என்னும் போக்குவரத்து வானூர்திப் பிரிவு இங்கு நிலைகொண்டது. போர் வானூர்திப் பிரிவுகள் பின்னர்தான் வந்தன. 2018இல் 45ஆம் ஸ்குவாட்ரனும், 2020 மே திங்களில் 18ஆம் ஸ்குவாட்ரனும் தேஜஸ் வானூர்திகளுடன் சூலூரில் இயங்கத் தொடங்கின.

தெற்கே வந்த இமய வாத்துகள்

33ஆம் ஸ்குவாட்ரனுக்கு வழங்கும் பெயர் ‘இமயமலை வாத்துகள்’ என்பது. பாக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த நொய்யல் கரைப்பகுதியில் வாழும் பிரிவுக்கு இமயத்தின் பெயர் ஏன் என்னும் வினா எழுவது இயல்பு.

1962ஆம் ஆண்டு சீனாவுடன் நிகழ்ந்த போரில் இந்தியப்படை பட்ட துன்பங்களுள் தலையானது, மலைமேல் நின்ற வீரருக்கு உணவும் உடையும் தோட்டாவும் உரிய காலத்தில் சென்று சேராமை. வடகிழக்கு எல்லையில் அன்று சாலைகள் மிகக் குறைவு. ஆற்றங்கரைகளிலும் மலையிடுக்குகளிலும் அமைந்த சிறிய ஓடுதளங்களே வாயில்களாக இருந்தன. அடுத்த ஆண்டிலேயே, 1963இல், இப்பிரிவு உருவாக்கப்பெற்றது. கனடா நாட்டில் உருவான காரிபூ என்னும் வானூர்தி இதற்கு வழங்கப்பட்டது. சில நூறு மீட்டர் நீளமுள்ள ஓடுதளம் கிடைத்தாலும் இறங்கி ஏறவல்லது அது. அசாமின் சமவெளியிலிருந்து எழுந்து, இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் மலையிடுக்குகளில் புகுந்து, சரக்கைச் சேர்த்துத் திரும்புவது அதன் அன்றாடக் கடமையாயிற்று. பெயர் அங்கிருந்து வந்தது. வானூர்தி மாறிய பின்னும், இருப்பிடம் தெற்கே மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

இப்பெயர் தமிழ்நாட்டிற்கு முற்றிலும் அயலானதும் அன்று. நடு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்து, பனிக்காலத்தில் இமயத்தின் உயரத்தைக் கடந்து தெற்கே வரும் வரித்தலை வாத்துகள் ஆண்டுதோறும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகின்றன.

சுமையூர்தியின் அமைப்பு

ஏ.என்-32 வானூர்தி, உக்ரைனின் கீவ் நகரில் இயங்கிய ஆன்டனோவ் நிறுவனத்தின் படைப்பு. இந்தியாவின் தேவையை முன்னிறுத்தி உருவானது என்றே இதனைக் கூறலாம். வெப்பம் மிகுந்த சமவெளியிலிருந்து எழ வேண்டும். காற்று மெலிந்த மலையுச்சியிலும் இறங்க வேண்டும். இவ்விரண்டும் ஒரே வானூர்தியிடம் எதிர்பார்க்கப்பட்டன. 1984 முதல் இந்திய விமானப்படையில் பணியாற்றும் இதற்குச் ‘சட்லெஜ்’ என்னும் ஆற்றின் பெயர் சூட்டப்பட்டது.

இதன் தோற்றத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. இரண்டு எஞ்சின்களும் இறக்கையின் மேற்புறத்தில் தூக்கி வைத்தாற்போல் பொருத்தப்பட்டிருக்கும். காற்று மெலிந்த இடத்தில் போதிய விசை பெறுவதற்குப் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினுக்குப் பெரிய சுழலி வேண்டும். பெரிய சுழலி தரையிலோ வானூர்தியின் உடலிலோ உரசாமல் இருக்க வேண்டுமாயின் அதனை உயர்த்தி வைக்க வேண்டும். உயர்த்தி வைத்ததால் மற்றொரு நன்மையும் கிட்டியது. செப்பனிடாத மண் ஓடுதளங்களில் இறங்கும்போது தெறிக்கும் கற்கள் சுழலியைத் தாக்குவது குறைந்தது.

வால்பகுதியின் அடியில் சாய்தளம் போன்ற கதவு உண்டு. தரையில் நிற்கும்போது அதன்வழியே சிறிய ஊர்தியை ஏற்றலாம். வானில் பறக்கும்போது அதன்வழியே சரக்கைக் கீழே வீழ்த்தலாம். 6.7 டன் வரை சுமக்கும். வான்குடை அணிந்த வீரர்கள் 42 பேரை ஏற்றிச் செல்லும். மருத்துவப் பணிக்கு 24 படுக்கைகளை அடுக்கலாம். 2008 மே 31 அன்று, லடாக்கின் தௌலத் பேக் ஓல்டி என்னும் ஓடுதளத்தில் ஏ.என்-32 இறங்கியது. கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேலுள்ள அவ்விடத்தில் அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்த இறக்கை வானூர்தி எதுவும் இறங்கியதில்லை. 2019 குடியரசு நாள் அணிவகுப்பில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து பெற்ற உயிரி எரிபொருளைப் பத்து விழுக்காடு கலந்து பறந்ததும் ஓர் ஏ.என்-32தான். நம் வேலியோரத்துச் செடி தில்லி வானில் பறந்தது என்று சூலூர்ப் பகுதியினர் அன்று மகிழ்ந்திருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

திருப்பூரில் உருவாகும் பனியன் துணி பின்னலாடை. ஒரே நூல் கண்ணிகளாக வளைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் அது நீளும், உடலோடு ஒட்டும். வான்குடைத் துணி அவ்வாறு நீளலாகாது. ஆகவே, அது பாவும் ஊடும் கொண்டு நெருக்கமாக நெய்யப்படும் நைலான் துணியால் ஆனது. இத்துணியில் குறிப்பிட்ட இடைவெளிகளில் தடித்த நூலைச் சேர்த்து நெய்வர். துணி ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அத்தடித்த நூல்வரை சென்று நின்றுவிடும். இந்தியப் படைகளுக்கான வான்குடைகளை உருவாக்கும் தொழிலகம் 1941 முதல் கான்பூரில் இயங்கி வருகிறது.

பச்சை விளக்கு எரியும் வரை

போக்குவரத்து வானூர்தியில் பணியாற்றிய முதியோரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் முதலில் சொல்வது போரைப் பற்றியன்று; விடியற்காலையைப் பற்றியே. மலைப்பள்ளத்தாக்குகளில் காலைப்பொழுதில்தான் வானம் தெளிந்திருக்கும். வெயில் ஏறியவுடன் காற்று சீறத் தொடங்கும். நண்பகலுக்குள் முகில் மூடிவிடும். ஆகவே, நள்ளிரவு கடந்ததும் எழுந்து, உறைகுளிரில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் எஞ்சினைச் சோதித்து, முதல் ஒளி தோன்றும்போது வானூர்தியைப் பறக்கவிட வேண்டும். சமவெளியிலேயே பிறந்து வளர்ந்து, பனியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த இளைஞருக்கு இது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும்!

சரக்கை வீழ்த்தும் முறையை அறிந்தால் அப்பணியின் அருமை விளங்கும். வீழ்த்தும் இடம் பெரும்பாலும் மலைச்சரிவில் துணியை விரித்து அடையாளமிட்ட சிறிய நிலமாக இருக்கும். அதனைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. வானூர்தி பள்ளத்தாக்கிற்குள் நுழைந்து, விரைவைக் குறைத்து, குறிப்பிட்ட நேர்க்கோட்டில் செல்லும். பின்கதவு திறந்தவுடன் உள்ளே இருக்கும் வெப்பமெல்லாம் வெளியேறிவிடும். உயரம் மிகுதியாயின் உயிர்வளி முகமூடி அணிந்தே நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது அனைவரும் ஆயத்தமாவர். பச்சை விளக்கு எரிந்து மணி ஒலித்தவுடன் சரக்கைத் தள்ளுவர். தள்ளுவோருள் தரைப்படையின் வழங்கல் பிரிவினரும் உண்டு. சில நொடிகளே கிடைக்கும். ஒரு நொடி தாமதித்தால் அரிசி மூட்டை அடுத்த மலைக்குப் போய்விடும். எல்லைப் பகுதியில் அடுத்த மலை அடுத்த நாடாகவும் இருக்கலாம். சரக்கு வெளியேறிய கணமே வானூர்தியின் எடை குறைந்து அது மேலெழும்பும். அதே நேரத்தில் விமானி எதிரே நிற்கும் மலையிலிருந்து வானூர்தியைத் திருப்பியாக வேண்டும்.

எல்லாச் சரக்கிற்கும் வான்குடை கட்டுவதில்லை. அரிசி, பருப்பு, உப்பு போன்றவற்றைச் சாக்குக்குள் சாக்கு வைத்துத் தளர்வாகக் கட்டி நேரே வீழ்த்துவர். உட்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கிக்கொள்ளும். இறுகக் கட்டிய மூட்டை வெடித்துச் சிதறும் என்பதால் தளர்வாகக் கட்டுவதே முறை. ஆடுகளை வான்குடையில் கட்டி இறக்கிய காலமும் உண்டு. இளகிய நெஞ்சினர் அதனைச் சொல்லும்போது சற்றே குரல் தாழ்வதும், நகைச்சுவையாளர் சொல்லும்போது அவையே சிரிப்பதும் வழக்கம்.

வாலாங், மெச்சுக்கா, டூட்டிங், விஜயநகர் முதலிய ஓடுதளங்களின் பெயர்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். அவ்வூர்களின் மக்களுக்கும் நெடுங்காலம் உப்பையும் மருந்தையும் கொண்டு சேர்த்தவை இவ்வானூர்திகளே. பேறுகாலத் துன்பத்தில் இருந்த தாய்மாரைத் திரும்பும் வழியில் ஏற்றிவந்ததும் உண்டு.

தரையில் நின்றவர்கள்

ஒரு வானூர்தியில் பறப்போர் சிலர். அதனைப் பறக்கவைப்போர் பலர். எஞ்சின், மின்னிணைப்பு, கருவிகள், வானொலி, சக்கரம் எனத் தனித்தனிப் பொறுப்பாளர் உளர். அவர்களுள் பெரும்பாலோர் மேல்நிலைக் கல்வி முடித்தவுடன் படையில் சேர்ந்தவர்கள். இப்பாடத்தைப் படிக்கும் உங்களைவிட ஓரிரு வயதே மூத்தவர்களாக வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள். பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி, தாம்பரம் போன்ற இடங்களில் தொழிற்பயிற்சி, பிறகு மொழியறியா ஊர்களில் பணி. இருபது ஆண்டுகள் நிறைந்ததும் நாற்பது வயதை ஒட்டி ஓய்வு.

அவர்கள் மறவாமல் கூறும் ஒரு பழக்கம் உண்டு. கருவிகளை எண்ணி வைத்தல். திருகாணி முடுக்கியோ குறடோ, ஒவ்வொன்றுக்கும் பலகையில் அதன் வடிவத்திலேயே ஓர் இடம் வரைந்திருக்கும். பணி முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் நிழலில் போய் அமர வேண்டும். ஓரிடம் வெறுமையாக இருந்தால் வானூர்தி புறப்படாது. கருவி கிடைக்கும்வரை அனைவரும் தேடுவர். எஞ்சினுக்குள் மறந்து வைத்த விரலளவு இரும்பு, வானில் நாற்பது உயிர்களுக்குக் கூற்றமாகிவிடும். சோதனை முடிந்து பதிவேட்டில் கையெழுத்திட்டவரின் பெயர் அவ்வானூர்தியோடு சேர்ந்தே பறக்கிறது. போட்ட கையெழுத்தை நினைத்து, வானூர்தி திரும்பும்வரை தேநீரும் இறங்கவில்லை என்று கூறுவோர் உளர். இதனை மிகைக்கூற்று எனத் தள்ளிவிட இயலாது.

1990களின் நடுப்பகுதியிலிருந்து பெண் அலுவலர்களும் போக்குவரத்து வானூர்திகளின் விமானிகளாயினர்.

ஒரே வானூர்தி, வெவ்வேறு சுமைகள்

1947 அக்டோபர் 27 அன்று டக்கோட்டா வானூர்திகள் முதல் படையினரை ஸ்ரீநகரில் இறக்கின. அடுத்த ஆண்டு மே 24இல் மெஹர் சிங் என்னும் அலுவலர், தளபதி திம்மையாவை உடன் அழைத்துக்கொண்டு, லே நகரின் மணல்வெளியில் டக்கோட்டாவை இறக்கினார். 1971 டிசம்பர் 11 அன்று டாங்கைல் என்னுமிடத்தில் வான்குடை வீரர்கள் இறங்கியது வங்கதேச விடுதலைப் போரின் போக்கை விரைவுபடுத்தியது. இந்நிகழ்வுகள் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன.

தமிழருக்கு நெருக்கமான நிகழ்வு 1987இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 4 அன்று ஐந்து ஏ.என்-32 வானூர்திகள் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, மிராஜ் போர் வானூர்திகள் துணைவர, யாழ்ப்பாணத்தின்மேல் ஏறத்தாழ 25 டன் உணவுப்பொருள்களையும் மருந்துகளையும் வான்குடைகளில் இறக்கின. அச்செயலுக்கு வைக்கப்பட்ட பெயர் ‘பூமாலை’. சில வாரங்களில் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியப்படை இலங்கை சென்றது. அக்டோபரில் சண்டை மூண்டது. அதன்பின் அதே வகை வானூர்திகள் பலாலிக்குப் படையினரை ஏற்றிச் சென்றன. காயமுற்றோரையும் உயிரிழந்தோரையும் ஏற்றித் திரும்பின. போகும்போது இருக்கையில் அமர்ந்து சென்றவர் வரும்போது படுக்கையில் கிடந்து வருதல்! கீழே இறங்கியதும் தளத்தைக் கழுவும் பணி தரைப்பணியாளருடையது. அக்காலத்தில் பணியாற்றியோர் பூமாலையைப் பற்றிப் பேசும் அளவிற்குப் பலாலியைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழ் வீரருக்கு அப்போர் இருவகையில் துன்பமாயிற்று என்பதை நாம் ஊகித்து உணரலாம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை அழித்தது. படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு உயிரிழந்தனர். ஓடுபாதையின் ஒரு பகுதி மட்டும் சிதையாது எஞ்சியது. அந்தக் குறைந்த நீளத்தில் இறங்கிய வானூர்திகளே தீவினருக்கு உதவிகளைக் கொண்டு சேர்த்தன. தம்முடன் பயிற்சி பெற்ற தோழரைத் தேடி அழைத்துவர அதே வானூர்தியில் சென்றோரும் இருந்தனர்.

நினைவும் ஏடும்

ஒவ்வொரு பறத்தலுக்கும் பதிவேடு உண்டு. எந்த வானூர்தி, எவர் ஓட்டினார், எத்தனை மணி, எவ்வளவு சுமை என்பன அதில் இருக்கும். கதவு திறந்தபோது எவர் கை நடுங்கியது என்பது அதில் இராது. 2021 ஜூன் திங்களில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை வெளியிட்டது. போர் நடவடிக்கைகளின் வரலாற்றை அவை முடிந்த ஐந்தாண்டுகளுக்குள் தொகுக்க வேண்டும். ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்த வேண்டும் என்பன அதன் கூறுகள். நல்ல முடிவே. ஆயினும், காரிபூவில் பணியாற்றியோர் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். ஏடு காத்திருக்கும், மனிதர் காத்திருக்க இயலாது.

நினைவை அப்படியே வரலாறாகக் கொள்ளவும் கூடாது. ஆண்டு மாறும், இரண்டு பயணங்கள் ஒன்றாகக் கலக்கும், சுமையின் எடை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கூடும். ஒரே பயணத்தில் சென்ற இருவரைத் தனித்தனியே கேட்டு ஒப்பிடுவது பயன்தரும். ‘உங்கள் வீரச்செயலைக் கூறுங்கள்’ என்று கேட்டால் மேடைப்பேச்சுக் கிடைக்கும். ‘அன்று காலை என்ன உண்டீர்கள்? கையுறை இருந்ததா? முதலில் யாருக்குக் கடிதம் எழுதினீர்கள்?’ என்று கேட்டால் வாழ்க்கை கிடைக்கும்.

இருபத்தொன்பது பேர்

2016 ஜூலை 22 அன்று காலை எட்டரை மணியளவில் தாம்பரத்திலிருந்து ஓர் ஏ.என்-32 போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அது சூலூர் 33ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. அந்தமானுக்கு வழக்கமாக ஆட்களையும் பொருள்களையும் கொண்டு செல்லும் பயணம். 29 பேர் இருந்தனர். புறப்பட்டு ஒரு மணிநேரம் ஆவதற்குள் வங்கக்கடலின்மேல் தொடர்பு அற்றது.

கப்பல்களும் வானூர்திகளும் பல வாரங்கள் தேடின. துண்டுத் தகடும் கிடைக்கவில்லை. செப்டம்பர்த் திங்களில், அனைவரும் இறந்துவிட்டதாகவே கருத வேண்டியிருக்கிறது எனக் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது. கருதுதல் என்னும் சொல்லோடு எவ்வாறு வாழ்வது? ஈமக்கடன் செய்வதா, காத்திருப்பதா என்று அறியாமல் ஒரு வீடு ஆண்டுக்கணக்கில் நிற்கும் நிலையை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை.

கொங்கு நாட்டில் நடுகற்கள் பல உள்ளன. வீரன் வீழ்ந்தால் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வழிபட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. உடல் எங்கிருப்பினும் பெயருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அம்மரபின் உட்கருத்து.

ஏழரை ஆண்டுகள் கழிந்தன. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், மனிதர் இன்றித் தானே நீந்தும் ஆழ்கடல் ஊர்தி ஒன்றை அவ்வானூர்தி மறைந்த பகுதியில் இறக்கியது. ஒளி புகாத ஆழத்தில் கண் பயன்படாது. ஒலியலையைத் தரைமீது செலுத்தி, மீண்டுவரும் எதிரொலியைக் கொண்டு கடற்படுகையின் உருவத்தை வரைய வேண்டும். ஐயத்திற்குரிய பொருள் தென்பட்டால் அருகில் சென்று விளக்கொளியில் படம் எடுக்க வேண்டும். சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைந்த பாகங்கள் கிடந்தன. அப்பகுதியில் வேறு எந்த வானூர்தியும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. படங்களும் ஏ.என்-32இன் அமைப்போடு ஒத்தன. 2024 ஜனவரித் திங்களில் பாதுகாப்பு அமைச்சகம் இதனை அறிவித்தது.

மற்றுமொரு பணிக்காலம்

படையிலிருந்து நாற்பது வயதில் வெளிவருவோர் மீதி வாழ்நாளுக்கு வேறு தொழில் தேட வேண்டும். வங்கிக்குச் செல்வோர் உளர். பள்ளிக்குச் செல்வோர் உளர். திருப்பூர்ப் பகுதியின் பின்னலாடைத் தொழிலகங்களில் இயந்திரப் பராமரிப்பு, தரச்சோதனை, பாதுகாப்பு ஆகிய பணிகளுக்குப் படைப்பயிற்சி பெற்றோர் பொருத்தமானவர்களாகக் கருதப்படுகின்றனர். அங்கு அவர்களை வியப்பில் ஆழ்த்தாத பழக்கம் ஒன்று காத்திருக்கும்.

ஏற்றுமதி ஆடை தைக்கும் கூடங்களில் தையல் ஊசி உடைந்தால் உடனே அந்த இயந்திரத்தை நிறுத்திவிடுவர். உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒட்டுநாடாவால் பதிவேட்டில் ஒட்டி, நாளும் நேரமும் இயந்திர எண்ணும் எழுத வேண்டும். துண்டுகளைச் சேர்த்து வைத்தால் முழு ஊசியின் வடிவம் வர வேண்டும். முனை மட்டும் கிடைக்கவில்லையாயின் அருகிலுள்ள ஆடைகளை எல்லாம் தனியே ஒதுக்கி, உலோகம் கண்டறியும் கருவியில் செலுத்திப் பார்ப்பர். அறியாத ஊரில் அறியாத குழந்தை ஒன்று அணியப்போகும் சட்டை அது.

புதிதாகச் சேர்ந்த தையற்பணியாளர், ஓர் ஊசிமுனைக்கு இத்தனை ஆரவாரமா என்று முணுமுணுப்பதுண்டு. முன்னாள் படைவீரர் மறுமொழி கூறுவதில்லை. விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, மேசைக்கு அடியில் குனிந்து, தாமும் தேடத் தொடங்குவார்.